வளவுப் பக்கம்: புல்லுக்குள் புகுந்த களை

ஒக்டோபர் மழை இறங்கினால் போதும், இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை களையைப் பற்றியே இருக்கும். அதனால் இந்த இதழில் முற்றத்துப் புல்லை மட்டும் எடுத்துக்கொண்டேன். ரோஜாவும் கறிமிளகாயும் பற்றி எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா, எங்கள் வீட்டு முன்பக்கத்தில் மூன்று பேர்ச் அளவில் மலேசியன் புல் பதித்து இரண்டு வருடமாகிறது. முதல் வருடம் பார்க்கவே ஆசையாக இருந்தது. இப்போது புல்லைவிடக் கோரைதான் அதிகம். கிழமைக்கு ஒருமுறை ஆள் வைத்துப் பிடுங்குகிறோம். பிடுங்கப் பிடுங்கக் கூடுகிறது. கடையில் ஒரு மருந்து சொல்கிறார்கள். அடிக்கலாமா?
– வாசகி, தெஹிவளை

பதில்: பிடுங்கப் பிடுங்கக் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது அப்படியே உண்மை, தங்கச்சி. வேலை செய்பவரைக் குறை சொல்லாதீர்கள். கோரையின் குணம் அது.

ஒரு வேலை செய்யுங்கள். மழை விட்டு மண் இளகியிருக்கும் காலை நேரமாகப் பார்த்து, ஒரேயொரு கோரையைத் தேர்ந்தெடுங்கள். இழுக்க வேண்டாம். சுற்றிவர ஒரு சாண் அகலத்துக்கு உழவாரத்தால் மண்ணைத் தளர்த்தி, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். செடியின் அடியில் சின்னதாக ஒரு வீக்கம் தெரியும். அதிலிருந்து நூல் போல ஒரு தண்டு பக்கவாட்டில் ஓடும். அந்த நூலில் கச்சான் பருப்பளவில் ஒரு கிழங்கு. அதிலிருந்து இன்னொரு நூல், அதன் முனையில் இன்னொரு கிழங்கு. இளசு வெள்ளையாக இருக்கும், முற்றியது கறுத்து நார் மூடியிருக்கும். நகத்தால் கீறினால் வாசனை வரும். குளிக்கிற பொடியில் சேர்க்கிறோமே, அதே கோரைக்கிழங்குதான்.

கையால் இழுக்கும்போது வருவது இலையும் கொஞ்சத் தண்டும் மட்டுமே. நூல் அறுந்து கிழங்குகள் எல்லாம் உள்ளேயே தங்கிவிடுகின்றன. மேலே ஒரு செடி நிற்கும் வரைக்கும் அது தன்னோடு தொடுத்திருக்கும் மற்றக் கிழங்குகளை முளைக்க விடாமல் அடக்கி வைத்திருக்கும். தொடர்பு அறுந்ததும் ஒவ்வொன்றும் தன்பாட்டில் முளைக்கத் தொடங்கும். ஒன்றைப் பிடுங்கிய இடத்தில் நாலு வருவது இதனால்தான்.

இன்னொரு விஷயம். கோரை விதையால் பரவுவது மிகக் குறைவு. அது பெரும்பாலும் மண்ணோடும் புல் துண்டுகளோடும்தான் வீட்டுக்குள் வருகிறது. உங்கள் முற்றத்தை உயர்த்த லொறியில் செம்மண் கொட்டினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். கொட்டியிருந்தால் கோரை அதோடு வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இனிச் செய்ய வேண்டியது. கோரை திட்டுத்திட்டாக, ஒரு தாம்பாளம் அளவுக்கு நிற்கிற இடங்களைத் தோண்டி எடுத்துவிடுங்கள். கிழங்குகளில் பெரும்பங்கு மேல் ஆறு அங்குல மண்ணுக்குள்ளேயே இருக்கும். எட்டு அங்குலம் வரை முள்ளுக்கரண்டியால் கிளறி, மண்ணைச் சல்லடையில் போட்டு, கிழங்கைப் பொறுக்கி எடுத்து, உரக்குழியில் போடாமல் வெயிலில் நன்றாகக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள். அதே நாளில் அந்தக் குழியை நிரப்பி, உங்கள் புல்லிலிருந்தே ஒரு துண்டை வெட்டி அங்கே பதித்துவிடுங்கள். வெறுந்தரையாக ஒரு கிழமை விட்டாலும் வேறு களை வந்து குந்திவிடும்.

திட்டு இல்லாமல் முற்றம் முழுக்கப் பரவியிருக்கிற கோரையைத் தோண்டித் தீர்க்க முடியாது. அதைப் பட்டினி போட வேண்டும். கோரைக்கு நிழல் ஆகாது. உங்கள் மலேசியன் புல்லோ அகன்ற இலைக்காரி, இரண்டு அங்குலம் உயர விட்டால் தரையை முழுக்க மூடிவிடும். ஆனால் நம் ஊரில் நடப்பது என்ன? மாதம் ஒருமுறை ஒருவர் தோளில் மெசினோடு வருவார். வெட்டு நீடிக்கட்டும் என்று நைலோன் நூலால் தரையோடு வழித்துவிட்டுப் போவார். அன்றைக்குப் பார்க்கத் துப்புரவாக இருக்கும். அடுத்த நாள் வெயில் நேராக மண்ணில் விழும். பல களை விதைகளுக்கு முளைக்க அந்த வெளிச்சமே போதும். கோரையும் புல்லைவிட வேகமாக எழும்பி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நான் போய்ப் பார்த்த கொழும்பு முற்றங்களில் களை பெருகியதற்கு இந்த வழித்த வெட்டைப் போல வேறொரு காரணத்தைக் கண்டதில்லை. ஆகவே இரண்டு அங்குலத்துக்குக் கீழே வெட்ட விடாதீர்கள். ஒரு வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவும் வேண்டாம். மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை, வெயில் காலத்தில் அதைவிட இடைவெளி விட்டு. இடையில் புல்லுக்கு மேலே தலை நீட்டும் கோரையைக் கிழமைக்கு ஒருமுறை கத்தரியால் நறுக்கிவிடுங்கள். முளைத்துச் சில வாரங்களிலேயே அது புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கும். அதற்கு முன்பே இலையை எடுத்துக்கொண்டிருந்தால் கிழங்கில் இருக்கிற சேமிப்புத்தான் கரையும். பலன் தெரிய ஒரு வருடமாவது எடுக்கும், தங்கச்சி. அவசரப்படாதீர்கள்.

மருந்து பற்றிக் கேட்டீர்கள். கடைக்காரர் சொன்னது கிளைபோசேட் என்றால், அதற்குக் கோரை வேறு, மலேசியன் புல் வேறு என்று தெரியாது. பட்டதெல்லாம் காயும். முற்றம் முழுக்க அடித்தால் முதலில் போவது நீங்கள் காசு கொடுத்துப் பதித்த புல். நம் நாட்டில் அது 2015 இல் தடை செய்யப்பட்டு, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதிக்கப்பட்டு, 2022 இல் இறக்குமதித் தடை தளர்த்தப்பட்ட மருந்து. எந்தக் களைகொல்லியானாலும் பீடைகொல்லிப் பதிவாளரிடம் பதிவானதா, லேபிளில் எந்தப் பயிருக்கு என்று போட்டிருக்கிறது என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. சோடாப் போத்தலில் ஊற்றித் தருவதைத் தொடவே வேண்டாம். மூன்று பேர்ச் முற்றத்துக்கு மருந்து தேவையில்லை என்பதுதான் என் முடிவு. நீங்களும் பிள்ளைகளும் அந்தப் புல்லில்தானே உட்காரப் போகிறீர்கள்.

கேள்வி: உப்பும் வினாகிரியும் கலந்து தெளித்தால் களை செத்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: உப்பு வேண்டவே வேண்டாம். அது களையோடு புல்லையும் கொல்லும், மண்ணிலும் தங்கும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றால் ஏற்கெனவே புல் கருகுகிறது, நாமும் அள்ளிக் கொட்டுவானேன்? வினாகிரி இலையைக் கருக்கும், வேர் அப்படியே இருக்கும். இன்டர்லொக் கல்லின் இடுக்கில் முளைத்ததற்கு மட்டும் கேத்தலில் கொதிநீர் ஊற்றலாம். புல்தரையில் அதையும் செய்யாதீர்கள்.

கேள்வி: பின்வளவில் பிள்ளைகள் விளையாடவென்று விட்ட புல்லில் தொட்டாற்சுருங்கி படர்ந்துவிட்டது. மகன் வெறுங்காலோடு ஓடி முள் குத்தி அழுகிறான். மெசினால் வெட்டினாலும் போவதில்லை.
– வாசகர், வத்தளை

பதில்: மெசின் வந்தால் அது தரையோடு படுத்துக்கொள்ளும், தம்பி. வெட்ட வெட்ட இன்னும் தாழ்வாகப் படரப் பழகும். ஒவ்வொன்றையும் ஆணிவேரோடு எடுக்க வேண்டும். நல்ல மழைக்கு அடுத்த நாள், தடித்த தோல் கையுறை போட்டுக்கொண்டு, கிளைகள் எல்லாம் கூடுகிற நடு இடத்தைத் தேடிப் பிடியுங்கள். அங்கே ஒரு நீட்டுக் கத்தியைச் செங்குத்தாக இறக்கி நெம்பினால் வேர் கழன்று வரும். ஊதாப்பூ பூக்க முன்பு செய்வது முக்கியம். பூத்தால் மயிர் முளைத்த சின்னச் சின்னக் காய்கள் கொத்தாக வரும், அவை சாரத்திலும் நாயின் உடம்பிலும் ஒட்டி வளவு முழுக்கப் போகும். விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். ஆகவே இந்த வருடம் எடுத்தாலும் அடுத்த வருடம் சில நாற்றுகள் வரத்தான் செய்யும். சின்னதாக இருக்கும்போதே இரண்டு விரலால் எடுத்துவிடலாம்.

ஆனால் ஏன் உங்கள் வளவில் அது இவ்வளவு சுகமாக வளர்கிறது? தொட்டாற்சுருங்கி அவரைக் குடும்பம். காற்றில் உள்ள நைதரசனைத் தன் வேரில் இருக்கும் நுண்ணுயிர்களைக் கொண்டு எடுத்துக்கொள்ளும். புல்லுக்கு அந்த வசதி இல்லை. மண்ணில் நைதரசன் குறைந்தால் புல் மெலியும், இது கொழுக்கும். மூன்று சிற்றிலையோடு தரையில் ஒட்டிப் படருமே, சிங்களத்தில் உந்துபியலிய என்பார்கள், அதுவும் இதே கூட்டம்தான். இவை இரண்டும் சேர்ந்து நின்றால் உங்கள் புல் பசியில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பேர்ச் என்பது 25 சதுர மீட்டர் சொச்சம். அதற்குக் கால் கிலோ யூரியா போதும். அதற்கு மேல் போட்டால் இலை கருகும். இரண்டு பங்கு மணலோடு கலந்து, இலை காய்ந்திருக்கும் நேரத்தில் ஒரே சீராக வீசி, உடனே தண்ணீர் தெளித்து மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள். பெருமழை வரப்போகிற நாளில் போட்டால் காசு வாய்க்காலோடு போகும். வருடத்தில் இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் சரி. யூரியா வேண்டாம் என்றால் நன்றாக மக்கிய கூட்டெருவை அரித்து, புல் மூடாத அளவுக்கு மெல்லியதாகத் தூவுங்கள். பாதி மக்கிய மாட்டெரு மட்டும் வேண்டாம். மாடு தின்ற புல்லின் விதையெல்லாம் அதற்குள் உயிரோடு இருக்கும்.

கொழும்புப் பக்கத்துச் செம்மண் புளிப்பு மண். பாசியும் பிடித்திருந்தால் டொலமைட் என்கிற சுண்ணாம்புக்கல் பொடியைத் தூவலாம். யூரியாவையும் டொலமைட்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், நைதரசன் வாயுவாகிப் பறந்துவிடும். இடையில் மூன்று நாலு கிழமையாவது விடுங்கள்.

வேலைக்கு வருபவர் சிங்களம் மட்டும் பேசுபவராக இருந்தால் தொட்டாற்சுருங்கிக்கு நிதிகும்பா என்றும் கோரைக்குக் கலாந்துரு என்றும் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பிரச்சினை. நான் புல்லை ஒரே சீராக வைத்திருக்க விரும்புகிறேன். மாமி, கீழ்க்காய்நெல்லியும் வல்லாரையும் மருந்து, பொன்னாங்காணி கறிக்கு ஆகும், பிடுங்கக் கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, இரத்மலானை

பதில்: மாமி சொல்வதில் நிறைய நியாயம் இருக்கிறது, மகள். எனக்கும் அந்தச் செடிகளை வெறும் களை என்று சொல்ல மனம் வருவதில்லை. கிணற்றடியிலோ தண்ணீர்த் தாங்கிப் பக்கத்திலோ, வெயிலும் ஈரமும் உள்ள இடமாக மாமிக்கென்று ஒரு பாத்தி ஒதுக்குங்கள். ஓரத்தில் செங்கல்லை ஆறு அங்குலம் ஆழத்துக்கு நிறுத்திப் பதித்தால் வல்லாரையின் ஓடுதண்டு அவ்வளவு இலகுவில் புல்லுக்குள் வராது. முற்றத்தில் இருப்பதை வேரோடு பெயர்த்து அங்கே நடுங்கள், மாமியும் சந்தோசப்படுவார். புல்லுக்கு நடுவில் வல்லாரை தானாக வருகிறது என்றால் அந்த இடத்தில் தண்ணீர் தேங்குகிறது. முதலில் அந்தப் பள்ளத்தை நிரப்பப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பொன்னாங்காணியைப் போலவே ஒரு அந்நியச் செடி கொழும்பைச் சுற்றியுள்ள கால்வாய் ஓரங்களில் இருக்கிறது, முகுனுவென்ன (பொன்னாங்காணியின் சிங்களப் பெயர்) என்று நினைத்து ஆட்கள் அதையும் பறிக்கிறார்கள். பூவைப் பாருங்கள். பொன்னாங்காணியின் வெள்ளைப் பூ இலைக்கணுவில் காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்றதில் நீட்டுக் காம்பின் நுனியில் பூ நிற்கும், தண்டும் தடித்து உள்ளே குழாய் போல வெறுமையாக இருக்கும். அது உங்கள் வளவுக்குள் வந்தால் ஒரு கணு மிஞ்சினாலும் திரும்ப முளைக்கும். அதை மாமியின் பாத்தியிலும் விடாதீர்கள்.

கேள்வி: நுகேகொடையில் வீடு கட்டி முடிகிறது. இனித்தான் புல் பதிக்கப் போகிறோம். களை வராமல் இருக்கத் தொடக்கத்திலேயே என்ன செய்ய வேண்டும்? எந்தப் புல் நல்லது?
– வாசகர், நுகேகொடை

பதில்: இப்படிப் பதிக்க முன்னரே கேட்பவர்கள் மிகக் குறைவு. நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் சந்தோசம், ஐயா. புல் பதித்த பிறகு செய்கிற எந்த வேலையும் பதிக்க முன்பு செய்கிற வேலைக்கு ஈடாகாது.

மேசன்மார் போன கையோடு புல் பதிக்காதீர்கள். முதலில் சீமெந்துக் கட்டி, கல், கம்பித்துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து, மண்ணை ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்துங்கள். வீட்டுப் பக்கமிருந்து வாய்க்கால் பக்கமாகச் சற்றுச் சரிவு வரும்படி மட்டம் பாருங்கள். இனி விதையோ புல்லோ போடாமல், தினமும் தண்ணீர் மட்டும் தெளியுங்கள். இரண்டு மூன்று கிழமையில் மேல்மண்ணில் கிடந்த களையெல்லாம் பச்சைப்பசேலென்று முளைத்து நிற்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம், அதற்காகத்தான் தண்ணீர் விட்டோம். அவற்றை உழவாரத்தால் மேலோட்டமாகச் செதுக்கி எடுங்கள். திரும்பவும் ஆழமாகக் கொத்தினால் அடியிலுள்ள விதை மேலே வந்துவிடும், அதனால் மேலோட்டமாக மட்டும். கோரை முளைத்தால் அதை மட்டும் கிழங்கோடு தோண்டுங்கள். பிறகு இன்னொரு முறை தண்ணீர், இன்னொரு முறை செதுக்கல். ஒன்றரை மாதம் போகும். கிரகப்பிரவேசத்துக்கு முற்றம் பச்சையாக இருக்க வேண்டும் என்று வீட்டில் அவசரப்படுத்துவார்கள். நாலு பூச்சாடியை வைத்துச் சமாளியுங்கள், இந்த ஒன்றரை மாதத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மண் வாங்குவதாக இருந்தால் லொறி கொட்ட முன்பு ஒரு வாளி மண்ணை எடுத்துக் கையால் உதிர்த்துப் பாருங்கள். கறுப்புக் கிழங்கு ஒன்று கண்டாலும் திருப்பி அனுப்புங்கள். புல் துண்டுகளையும் அப்படியே, ஒவ்வொன்றாகப் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். விற்பவர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை.

பதிக்கும்போது துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டு, பரவி வரும்தானே என்று சிலர் காசு மிச்சம் பிடிப்பார்கள். அந்த இடைவெளிதான் களைக்கு நாம் கொடுக்கிற காணி. நெருக்கி, செங்கல் கட்டுவதுபோல மூட்டுகள் மாறி மாறி வரப் பதித்து, இடுக்குகளை மணலும் கூட்டெருவும் கலந்து நிரப்பி, பலகை போட்டு மிதித்துவிடுங்கள். பணம் போதாவிட்டால் பாதி முற்றத்தை நெருக்கமாகப் பதித்து, மீதியைத் தும்புத்தூளோ காய்ந்த இலையோ போட்டு மூடி வையுங்கள்.

ஒக்டோபர், நவம்பர் மழையை விடப் பதிப்பதற்கு நல்ல காலம் கிடையாது. தவறினால் மே மாதம். வேர் பிடிக்கும் வரை தினமும் ஈரம் வேண்டும். பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கும் பழக்கத்தை நிறுத்திவிடுங்கள். மேல்மண் எப்போதும் ஈரமாக இருந்தால் களை நாற்றுக்குத்தான் கொண்டாட்டம். மழை இல்லாத பெப்ரவரி, மார்ச்சில் கிழமைக்கு இரண்டு தடவை, காலை வேளையில், நாலைந்து அங்குலம் மண் நனையும்படி விட்டால் வேர் ஆழமாகப் போகும்.

எந்தப் புல் என்றால், பக்கத்து மாடி வீட்டின் நிழல் விழுகிற முற்றத்துக்கு மலேசியன் புல். நாள் முழுக்க வெயில் என்றால் மெல்லிய இலையுள்ள புளூ கிராஸ் அழகு, ஆனால் அடிக்கடி வெட்ட வேண்டும். அறுகும் நல்ல புல்தான், வெயிலையும் மிதியையும் தாங்கும், பிள்ளையாருக்கும் ஆகும். நிழலில் மட்டும் நிற்காது. அடர்ந்த மாமரத்தடியில் எந்தப் புல்லையும் பதித்துக் காசைக் கரைக்காதீர்கள். அங்கே கூழாங்கல் பரப்புங்கள், அல்லது நிழலில் வளரும் பூச்செடி வையுங்கள்.

கேள்வி: கார் நிறுத்தும் பக்கத்தில் மட்டும் புல் செத்து, வெட்டினாலும் அசையாத ஒரு தடித்த புல் வட்டமாக முளைக்கிறது. ஏன்?
– வாசகர், பத்தரமுல்லை

பதில்: மண் இறுகிவிட்டது. வெள்ளிநிறத் தட்டைத் தண்டோடு நடுவிலிருந்து விரிந்து படுத்திருக்குமே, சிங்களத்தில் பெலதண என்பது, அது இறுகிய மண்ணிலும் வேர் விடும். நம் புல்லால் அது முடியாது. காலிமுகத் திடலில் சனம் நடந்து நடந்து புல் போன இடங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், காரணம் ஒன்றுதான். அந்தக் களையை மழைக்குப் பின் வேரோடு எடுத்துவிட்டு, முள்ளுக்கரண்டியை ஒவ்வொரு சாணுக்கும் நாலு அங்குலம் இறக்கி ஆட்டி, துளைகளுக்குள் மணலும் கூட்டெருவும் கூட்டித் தள்ளுங்கள். ஆனால் கார் தொடர்ந்து அங்கேயே நிற்கப் போகிறது என்றால், சக்கரம் நிற்கும் இரண்டு கோட்டுக்கும் கல் பதித்துவிடுவதுதான் சரி.

கேள்வி: அம்மா, களை பிடுங்கினால் எலிக்காய்ச்சல் வரும் என்று மனைவி பயப்படுகிறார். உண்மையா? புல் வெட்டுபவர் ஒரே மெசினை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோகிறாரே, அதாலும் களை வருமா?
– வாசகர், கல்கிசை

பதில்: மனைவியின் பயம் நியாயமானது. எலியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணும் தேங்கிய தண்ணீரும் காலிலுள்ள வெடிப்பு, காயம் வழியாக அந்தக் கிருமியை உடம்புக்குள் ஏற்றும். மழை நாட்களில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். முழங்கால் வரை சப்பாத்து, கையுறை, வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளிப்பு. அதன் பிறகு சில நாட்களிலோ கிழமைகளிலோ காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் போய், வளவில் ஈரமண்ணில் வேலை செய்ததையும் சொல்லுங்கள்.

மெசினாலும் களை வரும். தகட்டின் அடியில் ஒட்டிய ஈரப்புல்லோடு பக்கத்து வீட்டு விதையும் சேர்ந்து வரும். கேற்றுக்கு வெளியே, றோட்டோரத்தில் வைத்துக் குழாய்த் தண்ணீரால் அடித்துக் கழுவிவிட்டு உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. தேநீர் ஒன்றும் கொடுத்துத் தன்மையாகக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.